லிவர்மோர்: கோயிலும் திராட்சைத் தோட்டமும் ஒரே நாளில் பார்க்க எப்படித் திட்டமிடலாம்?

தாமிரபரணி:

வணக்கம். சிவ விஷ்ணு கோயிலுக்காகக் கலிஃபோர்னியாவின் லிவர்மோர் போகிறவர்கள் பெரும்பாலும் தரிசனம் முடிந்ததும் 580 நெடுஞ்சாலையில் ஏறித் திரும்பிவிடுகிறார்கள். செப்டம்பர் நடுவில் அம்மா, அப்பா, அத்தை மூவரும் திருநெல்வேலியிலிருந்து வருகிறார்கள். அப்போது ஊரையும் சேர்த்துக் காட்ட எண்ணம். சான் ஹோசேயிலிருந்து காரில் கிளம்புவோம். ஒரே நாள்தான், சனிக்கிழமை.

கலிஃபோர்னியா ஒயின் ஊர் என்றால் எல்லாரும் நாபா, சொனோமா என்றுதான் சொல்கிறார்கள். லிவர்மோரில் திராட்சை எப்போது, எதனால் வந்தது? எந்த வரிசையில் சுற்றினால் அலைச்சல் குறையும்? அப்பாவுக்கு ஒயின் ருசி பார்க்க ஆசை, ஆனால் சர்க்கரைக்கு மாத்திரை எடுக்கிறார். அம்மா முட்டைகூடத் தொடாதவர். ஒயினில் முட்டை சேர்ப்பார்கள் என்று அத்தை சொல்கிறார், உண்மையா? ஊருக்கு இரண்டு பாட்டில் கொண்டுபோக முடியுமா? விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பழைய வரைபடம்:

வணக்கம். வரலாற்றை நான் சொல்கிறேன். மற்றதற்கு இங்கே ஆள் இருக்கிறார்கள்.

நாபாவின் பெயர் பெரிது, சரி. ஆனால் கலிஃபோர்னியா ஒயினின் முக்கியமான சில வேர்கள் லிவர்மோரில்தான் ஊன்றப்பட்டன. அதற்குக் காரணம் இரண்டு: சரளை, காற்று.

அரோயோ மோச்சோ, அரோயோ டெல் வாயே என்று இரண்டு ஓடைகள். தெற்கு மலைகளிலிருந்து நெடுங்காலமாக அவை உருட்டிக்கொண்டு வந்து கொட்டிய கல்தான் ஊரின் தென்பக்கத்து நிலம். கொடிவரிசைக்கு நடுவே குனிந்து பாருங்கள், கோழிமுட்டை அளவில் கூழாங்கற்கள் கிடக்கும். இதில் தண்ணீர் தேங்காது. வேர் ஈரத்தைத் தேடி ஆழத்துக்கு இறங்கும், இலை மண்டாது, பழம் சிறுத்துச் சாறு கெட்டிப்படும். நெல்லுக்கு ஆகாத மண், ஒயின் திராட்சைக்கு அருமையான மண்.

அடுத்தது காற்று. கலிஃபோர்னியக் கடலோரப் பள்ளத்தாக்குகள் பெரும்பாலும் வடக்கு தெற்காகக் கிடக்கும். இது கிழக்கு மேற்கு. கோடையில் கிழக்கே உள்நாட்டுச் சமவெளி கொதித்துக் காற்று மேலெழும்போது, சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் குளிர்காற்று இந்தப் பள்ளத்தாக்கு வழியாக இழுபட்டு ஓடும். பகலில் 35 டிகிரியைத் தொட்டாலும் சாயங்காலம் சட்டென்று குளிர்ந்துவிடும். வெயிலில் பழத்துக்குச் சர்க்கரை ஏறுகிறது, இரவுக் குளிரில் புளிப்பு கரையாமல் நிற்கிறது. இந்த இரண்டும் சேர்ந்தால்தான் நல்ல ஒயின். அதே காற்று ஊரைத் தாண்டி ஆல்டமான்ட் கணவாயில் நெருங்கிப் பாயும் இடத்தில் வரிசை வரிசையாகக் காற்றாலைகள். ஆரல்வாய்மொழியையும் முப்பந்தலையும் பார்த்துப் பழகிய உங்கள் வீட்டாருக்கு இதை விளக்கவே வேண்டாம்.

ஊருக்குப் பெயர் தந்த ராபர்ட் லிவர்மோர் ஓர் ஆங்கிலேய மாலுமி. 1820களில் கப்பலை விட்டுக் கலிஃபோர்னியாவில் தங்கிவிட்டவர். 1839இல் மெக்சிகோ அரசிடமிருந்து லாஸ் பொசிட்டாஸ் என்ற பெருநிலம் கிடைத்தது. மாடு வளர்த்தார், கோதுமை விதைத்தார், 1840களில் திராட்சையும் நட்டார். அவர் இறந்தது 1858இல். ஊரை நிறுவியவரும் அவரே என்று பல இடங்களில் எழுதுகிறார்கள், அது தவறு. 1869இல் ரயில் பாதை வந்தபோது மனை பிரித்து ஊரை அமைத்தவர் வில்லியம் மெண்டன்ஹால். காலமான லிவர்மோரின் பெயரை ஊருக்கு வைத்தவரும் அவர்தான். 1876இல் நகராட்சி ஆனது.

ஒயின் ஊராக மாறியது 1880களில். சார்ல்ஸ் வெட்மோர் 1882இல் க்ரெஸ்டா பிளாங்கா தோட்டத்தைத் தொடங்கினார். பிரான்சில் பெயர்பெற்ற ஷாட்டோ டிக்கெம் தோட்டத்தின் செமியோன், சோவின்யோன் பிளாங் என்ற வெள்ளைத் திராட்சைக் குச்சிகள் அவர் வழியாகத்தான் இந்தப் பள்ளத்தாக்குக்கு வந்தன. 1889 பாரிஸ் உலகக் கண்காட்சியில் அந்தத் தோட்டத்து ஒயினுக்கு உயர்ந்த பரிசான கிராண்ட் பிரீ கிடைத்தது. 1883இல் இன்னும் இரண்டு பேர். ஜெர்மனியிலிருந்து வந்த கார்ல் வென்டே 48 ஏக்கரில் தொடங்கினார். அயர்லாந்தின் ஆரன் தீவுகளில் பிறந்து, அமெரிக்காவில் ரப்பர் ஸ்டாம்ப் விற்று முன்னேறிய ஜேம்ஸ் கான்கனன், சான் பிரான்சிஸ்கோ பேராயர் அலெமனியின் தூண்டுதலில் திருப்பலிக்கான ஒயின் செய்ய நிலம் வாங்கினார்.

அந்தத் திருப்பலி ஒயின்தான் பிறகு உயிர் காத்தது. 1920 முதல் 1933 வரை நாடு முழுவதும் மதுவிலக்கு. பள்ளத்தாக்கில் பல தோட்டங்கள் மூடிக்கிடந்தன, சிலர் கொடியைப் பிடுங்கிவிட்டு வேறு பயிருக்கு மாறினார்கள். வழிபாட்டுக்கான ஒயினுக்குச் சட்டத்தில் விலக்கு இருந்ததால் கான்கனனும் வென்டேயும் தொட்டியைக் காயவிடாமல் ஓட்டினார்கள். கொடிகளும் பிழைத்தன.

கொடி பிழைத்தது ஏன் முக்கியம் என்றால், 1912இல் எர்னஸ்ட் வென்டே பிரான்சின் மோன்பெலியே நாற்றங்காலிலிருந்து ஷார்டனே என்ற வெள்ளைத் திராட்சையின் குச்சிகளை வரவழைத்து நட்டிருந்தார். நல்ல கொடியாகப் பார்த்துப் பார்த்துத் தேர்ந்து பெருக்கினார். இன்று கலிஃபோர்னியாவில் வளரும் ஷார்டனேயில் பெரும்பகுதி அந்த வழிவந்த கொடிதான். நாபாவில் ஒருவர் ஷார்டனே குடிக்கிறார் என்றால், அதன் பாட்டி லிவர்மோரில் இருந்திருக்க வாய்ப்பு மிக அதிகம். திராட்சை வகையின் பெயரையே லேபிளில் போட்ட முதல் அமெரிக்க ஷார்டனே 1936 வென்டே. பெட்டிட் சிரா என்ற கருந்திராட்சைக்கு அப்படிப் பெயர் போட்ட முதல் பாட்டில் கான்கனனின் 1961 விளைச்சல்.

பிறகு வந்தது ஆய்வகம். இரண்டாம் உலகப்போரில் கடற்படை விமானத்தளமாக இருந்த இடத்தில் 1952இல் அணு ஆயுத ஆய்வகம் தொடங்கியது. 116ஆம் தனிமத்துக்கு 2012இல் லிவர்மோரியம் என்று பெயர் வைத்தது இந்த ஆய்வகத்தின் நினைவாக. 2022 டிசம்பர் 5ஆம் தேதி 192 லேசர்கள் 2.05 மெகாஜூல் செலுத்தி, அணுக்கருப் பிணைவில் 3.15 மெகாஜூல் வெளிவந்ததும் இங்கேதான். ஆய்வக வேலியிலிருந்து கொஞ்ச தூரம் தெற்கே இறங்கினால் கொடிவரிசை தொடங்கிவிடும்.

ஆய்வகம் வந்தால் வீடுகள் வரும், வீடுகள் வந்தால் தோட்டம் போகும். அதைத் தடுத்தது 1993இல் அலமீடா மாவட்டம் ஏற்ற தெற்கு லிவர்மோர் பள்ளத்தாக்குத் திட்டம். பெரிய நிலத்தைத் துண்டுபோட்டு வீடு கட்ட வேண்டுமா, பெரும்பகுதியில் திராட்சை போன்ற பயிர் வைத்து, அது என்றைக்கும் விவசாய நிலம்தான் என்று எழுதிக்கொடுக்க வேண்டும். இன்று டெஸ்லா சாலையில் வீடு முடிகிற இடத்தில் கோடு கிழித்ததுபோலத் தோட்டம் தொடங்குவது தற்செயல் அல்ல. என் கணக்கில் இந்த ஊரின் வரலாற்றில் பாரிஸ் பரிசைவிட இது பெரிய காரியம்.

காரில் போகும்போது தெருப்பலகைகளைப் பாருங்கள். வெட்மோர் சாலை, வென்டே தெரு, கான்கனன் புலவார்ட், எல்லாம் மேலே சொன்ன ஆட்கள்.

நாலுவழிச்சாலை:

வழி சொல்கிறேன். அடிப்படை ஒன்றுதான்: கோயில் 580க்கு வடக்கே, ஊரும் தோட்டங்களும் தெற்கே. வடக்கில் தொடங்கித் தெற்கே இறங்கிக்கொண்டே போங்கள், ஒருமுறைகூடத் திரும்பி வர வேண்டியிருக்காது.

680 வடக்கு, பிறகு 580 கிழக்கு. ஸ்பிரிங்டவுன் புலவார்ட், ஃபர்ஸ்ட் ஸ்ட்ரீட் வெளிவாயிலில் இறங்கி இடப்புறம் போனால் ஆரோஹெட் அவென்யூவில் கோயில். சனிக்கிழமை ஒன்பதரைக்குள் சேர்ந்துவிடுங்கள். பதினொன்றுக்கு மேல் திருமணம், அபிஷேகம் என்று கூட்டம் சேர்ந்து வண்டி நிறுத்துவது சிரமம். அக்கம்பக்கத் தெருக்கள் குடியிருப்புகள், வீட்டு வாசலை அடைத்து நிறுத்தாதீர்கள். 1986இல் குடமுழுக்கு கண்ட கோயில் இது. வடநாட்டு விமானமும் தென்னாட்டுக் கோபுரமும் ஒரே கூரைத்தொடரில் இருப்பதைப் பெரியவர்களுக்கு வெளியே நின்று காட்டுங்கள். சிலைகளில் பலவற்றைத் தமிழ்நாடு அரசு கொடுத்தது.

அங்கிருந்து ஃபர்ஸ்ட் ஸ்ட்ரீட் நேராக ஊர் நடுவுக்குக் கொண்டுவிடும். சாப்பாட்டை இங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். தோட்டங்களில் கிடைப்பது பெரும்பாலும் பாலாடைக்கட்டி, ரொட்டி, பதப்படுத்திய இறைச்சி வகை. வீட்டுச் சாப்பாடு கொண்டுபோனால் சில தோட்டங்கள் மர நிழலில் உட்கார்ந்து சாப்பிட விடும், சில விடாது. முன்பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள். வெளி மதுவுக்கு மட்டும் எங்கேயும் அனுமதி கிடையாது. கடைத்தெருவுக்குப் பக்கத்தில் 1911இல் கட்டிய கார்னகி நூலகக் கட்டடம் இருக்கிறது, மரங்கள் சூழ்ந்த பூங்காவோடு. பெரியவர்கள் அரைமணி கால் நீட்ட நல்ல இடம்.

அதன்பின் தோட்டங்கள். இரண்டு சாலைகளை மட்டும் நினைவில் வையுங்கள். சவுத் லிவர்மோர் அவென்யூ அப்படியே டெஸ்லா சாலையாக மாறும், இதில்தான் நிறையத் தோட்டங்கள். எல் தெருவில் தெற்கே போனால் அது அரோயோ சாலையாக மாறும். உங்களுக்கு நான் சொல்வது அரோயோ சாலை, ஏனென்றால் குடிக்காதவர்களுக்கும் பார்க்க இருக்கிறது. முதலில் ரேவன்ஸ்வுட். சான் பிரான்சிஸ்கோ அரசியலை ஆட்டிவைத்த, பார்வையற்ற கிறிஸ்டஃபர் பக்லி 1885இல் கட்டத் தொடங்கிய கோடை மாளிகை. உள்ளே போக வழிகாட்டி வரும் நாள் பார்க்க வேண்டும், வெளித்தோட்டமே அழகு. அடுத்து வெட்மோர் சாலையில் திரும்பினால் சிகமோர் குரோவ் பூங்கா. தார் போட்ட சமதளப் பாதை, பெரியவர்கள் நடக்கலாம். பாதையை விட்டுப் புல்லுக்குள் இறங்க வேண்டாம், வெயில் மாதங்களில் ராட்டில்ஸ்நேக் பாம்பு உண்டு. மறுபடி அரோயோ சாலைக்கு வந்து தெற்கே போனால் வென்டே தோட்டம். பழைய க்ரெஸ்டா பிளாங்கா இதே இடம்தான். மணற்கல் மலையைக் குடைந்த பழைய ஒயின் குகைகளைச் சுற்றிக்காட்டுகிறார்களா என்று முன்பதிவில் கேளுங்கள். வெளியே 35 டிகிரி இருக்கும்போது குகை வாசலில் முகத்தில் அடிக்கும் குளிர்ச்சியை அத்தை மறக்க மாட்டார்.

இங்கே பலர் செய்யும் தவறு ஒன்று. அரோயோ சாலை வென்டேயைத் தாண்டிக் கொஞ்சத்தில் முடிந்துவிடும். வரைபடத்தில் டெல் வாயே ஏரி கைக்கெட்டும் தூரத்தில் தெரியும், ஆனால் இந்தப் பக்கமாகக் கார் போகாது. ஏரிக்கு டெஸ்லா சாலைப் பக்கம் திரும்பி, மைன்ஸ் சாலை பிடித்து, அதிலிருந்து டெல் வாயே சாலையில் வலப்புறம் இறங்க வேண்டும். அந்தத் திருப்பத்தைத் தவறவிட்டு மைன்ஸ் சாலையிலேயே போனால் மலைவளைவுகளில் மணிக்கணக்காக மாட்டிக்கொள்வீர்கள். பெட்ரோல் பங்கும் இல்லை, போன் சிக்னலும் நம்பமுடியாது. ஒரே நாளில் ஏரியையும் திணிக்க வேண்டாம் என்பது என் கருத்து.

திரும்பும்போது 580 வேண்டாம். ஐசபெல் அவென்யூ பிடித்து 84ஆம் எண் சாலையில் சுனோல் வழியாக 680க்கு வாருங்கள். தூரமும் குறைவு, வழியில் தோட்டமும் மலையும்தான்.

துவர்ப்பு:

ஒயின் பகுதி.

முதலில் அப்பா. இனிப்பில்லாத உலர் ஒயினில் சர்க்கரை மிகக் குறைவு, லிட்டருக்கு நாலு கிராமுக்குள் என்பது வழக்கம். ஆகவே சர்க்கரை ஏறும் என்பதைவிடத் திடீரென்று இறங்கும் என்பதுதான் பயம். ஆல்கஹாலைக் கழிப்பதில் கல்லீரல் மும்முரமாக இருக்கும்போது, ரத்தத்துக்குச் சர்க்கரை விடும் வேலையை ஒத்திப்போடும். கிளிமெபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களுக்கு இதனால் தாழ்சர்க்கரை வரலாம், சில மணி நேரம் கழித்தும் வரலாம். வியர்வை, நடுக்கம், குழறல், எல்லாம் போதை மாதிரியே தெரிவதால் பக்கத்தில் இருப்பவர்கள் கவனிக்கத் தவறுகிறார்கள். கோயிலுக்கு வெறும் வயிற்றோடு போய்விட்டு அப்படியே ருசி பார்க்கப் போவதுதான் மிக மோசமான வரிசை. நாலுவழிச்சாலை சொன்னபடி சாப்பாடு முதலில். மாத்திரைப் பெயரைச் சொல்லி மருத்துவரிடம் கிளம்புமுன் கேட்டுவிடுங்கள். சர்க்கரை பார்க்கும் கருவியும் குளுக்கோஸ் மாத்திரையும் பையில் இருக்கட்டும். வேண்டாம் என்று மருத்துவர் சொன்னால் வேண்டாம்தான்.

ருசி பார்ப்பது எப்படி நடக்கும்: நாலைந்து வகை ஒயினை வரிசையாக ஊற்றுவார்கள், ஒவ்வொன்றும் சுமார் 30 மில்லி. ஐந்து ஊற்று என்றால் 150 மில்லி. 14 விழுக்காடு ஆல்கஹால் என்று வைத்தால் தூய ஆல்கஹால் 16 கிராமுக்கு மேல், அதாவது அமெரிக்கக் கணக்கில் 14 கிராம் கொண்ட ஒரு முழு டிரிங்கைத் தாண்டிவிட்டது. இரண்டு தோட்டத்தில் குடித்தால் இரண்டுக்கு மேல். "கொஞ்சம்தானே ஊற்றினார்கள்" என்பதில்தான் எல்லாரும் ஏமாறுகிறார்கள். இங்கே ஓட்டுநருக்கு ரத்த ஆல்கஹால் வரம்பு 0.08 விழுக்காடு, ஆனால் அதற்குக் கீழே இருந்தாலும் ஓட்டம் தடுமாறினால் வழக்கு உண்டு. ஓட்டுகிறவர் குடிக்கவே வேண்டாம். ஒருவருக்கான ஊற்று வரிசையை இருவர் பகிர்ந்துகொள்ளலாமா என்று கேளுங்கள், பல இடங்களில் சரி என்பார்கள்.

மேசையில் ஒரு வாளியோ குடுவையோ இருக்கும். துப்பவும் மிச்சத்தைக் கொட்டவும்தான் அது. கொட்டினால் மரியாதைக்குறைவு என்று நம்மவர்கள் தயங்கிக் கடைசிச் சொட்டுவரை குடிக்கிறார்கள். ஊற்றுகிறவரே அதில்தான் துப்புகிறார், தயங்க வேண்டாம். வெள்ளையில் தொடங்கிச் சிவப்புக்குப் போக வேண்டும். சிவப்பின் துவர்ப்பு நாக்கில் படிந்துவிட்டால் பிறகு வெள்ளை தண்ணீர் மாதிரி இருக்கும். இன்னொன்று, கோயிலிலிருந்து நேராக வருகிறீர்கள் என்பதால் சொல்கிறேன்: தலையில் மல்லிகைப்பூவும் கையில் கற்பூர வாசமும் இருந்தால் ஒயினின் மணம் ஒன்றும் தெரியாது, பக்கத்து மேசைக்காரர்களுக்கும் தெரியாது. கையைச் சோப்பு போட்டுக் கழுவிவிட்டு, பூவைக் காரில் வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

கட்டணம் பெரும்பாலும் ஆளுக்கு 20 முதல் 40 டாலர், பாட்டில் வாங்கினால் சில இடங்களில் கழித்துக்கொள்வார்கள். 21 வயதுக்கான சான்று நரைத்த தலைக்கும் கேட்கப்படலாம், இந்திய ஓட்டுநர் உரிமத்தை ஏற்கத் தயங்குவார்கள், பாஸ்போர்ட்டை எடுத்துப் போங்கள். ஒயின் கிளப்பில் சேர்ந்தால் இன்றைய கட்டணம் இலவசம் என்பார்கள். அது ஆண்டுக்குச் சில முறை உங்கள் கிரெடிட் கார்டில் தானாகப் பணம் எடுத்து ஒயின் அனுப்பும் திட்டம். குறைந்தது எத்தனை பெட்டி எடுக்க வேண்டும், எப்படி விலகுவது என்று கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

முட்டை விஷயத்தில் அத்தை சொன்னது உண்மை. சிவப்பு ஒயினின் கடுந்துவர்ப்பைத் தணிக்க முட்டை வெள்ளைக்கருவைக் கலக்கும் பழக்கம் பழையது. 225 லிட்டர் மரப்பீப்பாய்க்கு மூன்று முதல் ஆறு முட்டையின் வெள்ளைக்கரு. அதிலுள்ள புரதம் துவர்ப்புப் பொருளைப் பற்றிக்கொண்டு அடியில் வண்டலாக இறங்கும், மேலே தெளிந்ததை வேறு பீப்பாய்க்கு மாற்றுவார்கள். வெள்ளை ஒயினுக்குப் பால்புரதம், மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் பசை போன்றவையும் உண்டு. ஒயினில் மிஞ்சுவது மிகமிகக் குறைவு, ஆனால் சைவம் என்பது அளவைப் பொறுத்த விஷயம் இல்லையே. பென்டோனைட் என்ற களிமண்ணால் தெளியவைப்பதும், ஒன்றுமே போடாமல் விடுவதும் இன்று பரவலாக இருக்கிறது. லேபிளில் இதைப் போட வேண்டிய கட்டாயம் அமெரிக்காவில் இல்லை. ஆகவே "இந்த ஒயினுக்கு ஃபைனிங், அதாவது தெளியவைப்பது, எதில் செய்தீர்கள், வீகனா" என்று ஒவ்வொரு பாட்டிலுக்கும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். ஒரே தோட்டத்தில் ஒன்று ஆகும், ஒன்று ஆகாது.

ஒயினோடு தொட்டுக்கொள்ள முறுக்கோ காராச்சேவோ எடுத்துப் போகிறவர்களுக்கு: மிளகாய்க் காரமும் சிவப்பு ஒயினின் துவர்ப்பும் சேர்ந்தால் வாய் எரியும், ஒயின் கசக்கும். காரம் இல்லாத தட்டையும் குளிர்ந்த சோவின்யோன் பிளாங்கும் நன்றாகச் சேரும். உப்புக்கும் புளிப்புக்கும் பொருத்தம் அப்படி.

கரித்தந்தி:

தோட்டம் தவிர அம்மாவுக்குக் காட்ட இன்னொன்றும் உண்டு. 1901இலிருந்து எரியும் மின்விளக்கு இருக்கிறது.

ஈஸ்ட் அவென்யூவில் 6ஆம் எண் தீயணைப்பு நிலையம், கூரையிலிருந்து ஒரு கம்பியில் தொங்குகிறது. ஒஹாயோவின் ஷெல்பி எலக்ட்ரிக் செய்த, கையால் ஊதிய கண்ணாடிக்குமிழ். உள்ளே இருப்பது டங்ஸ்டன் இல்லை, கரியிழை. தொடக்கத்தில் அதிக வாட் எரிந்தது இப்போது சுமார் 4 வாட்தான், குத்துவிளக்குத் திரி அளவுக்குச் செம்மஞ்சள் ஒளி. இழை சுற்றிச் சுற்றிப் போவதை வெறுங்கண்ணால் பார்க்கலாம். நீண்ட ஆயுளுக்குக் காரணம் தடித்த இழை, குறைந்த மின்சக்தி, அணைக்காமல் விட்டது. விளக்கு போடும்போதும் அணைக்கும்போதும் இழை சூடேறி விரிந்து, ஆறிச் சுருங்கும். உடைவது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். 1976இல் புதிய நிலையத்துக்கு மாற்றியபோது, திருகிக் கழற்றினால் உடையுமோ என்று மின்கம்பியை வெட்டி, காவல் வண்டி முன்செல்ல எடுத்துவந்தார்கள். 2013இல் சில மணி நேரம் அணைந்தது, தடையில்லா மின்கருவிதான் பழுது, விளக்குக்கு ஒன்றும் இல்லை.

நிலையத்தின் பின்பக்கம் போய் மணி அடிக்க வேண்டும். வீரர்கள் இருந்தால் உள்ளே விடுவார்கள், அழைப்புக்குப் போயிருந்தால் சன்னல் வழியாகப் பார்க்கலாம். வண்டி வெளியேறும் வாசலை மறித்துக் காரை நிறுத்தக் கூடாது. ஊர் நடுவிலிருந்து டெஸ்லா சாலைக்குப் போகுமுன் பத்து நிமிட வேலை, கட்டணம் இல்லை.

தாமிரபரணி:

எல்லாருக்கும் மிக்க நன்றி. அம்மாவிடம் விளக்கைச் சொன்னதும் முதலில் அங்கேதான் என்கிறார். பாட்டில் பற்றி மட்டும் பாக்கி. செப்டம்பரில் அறுவடை பார்க்கக் கிடைக்குமா?

துவர்ப்பு:

பாட்டில்: இந்தியச் சுங்க விதிப்படி வயதுவந்த பயணி ஒருவருக்கு 2 லிட்டர் மது வரியில்லாமல். ஒரு பாட்டில் 750 மில்லி, ஆகவே இரண்டு பாட்டில் ஒன்றரை லிட்டர், தாராளமாக உள்ளே. மூன்றாவது வைத்தால் 2.25 ஆகிவிடும், வரி கட்ட நேரும். கைப்பையில் விடமாட்டார்கள், பதிவு செய்யும் பெட்டியில்தான். குமிழ் உறையில் சுற்றி, ஜிப் பையில் போட்டு, பெட்டியின் நடுவில் துணிக்குள் புதையுங்கள். சரக்கறையிலும் காற்றழுத்தம் உண்டு, தக்கை தானாகப் பிதுங்காது. உடைவது பெட்டியைத் தூக்கி எறிவதால்.

அதைவிட ஆபத்து அன்றைக்கே காரில். வெளியே 35 டிகிரி என்றால் சாத்திய காருக்குள் ஒரு மணி நேரத்தில் 50ஐத் தாண்டும். ஒயின் விரிந்து தக்கையைத் தள்ளும். கழுத்துறையின் விளிம்பில் ஒட்டிக்கொண்டு காய்ந்த கறை தெரிந்தால் அதுதான் அறிகுறி. அந்த வழியாகப் பிறகு காற்று போகும், திறக்கும்போது வெந்த பழ வாசம் அடிக்கும். கடைசித் தோட்டத்தில் வாங்குங்கள், ஐஸ் பொதியோடு ஒரு தெர்மோகோல் பெட்டியும் எடுத்துப் போங்கள். திறந்து மிச்சம் வைத்த பாட்டில் எதுவானாலும் மூடி டிக்கியில்தான் இருக்க வேண்டும், உட்காரும் பகுதியில் இருந்தால் அபராதம். திருநெல்வேலிக்குப் போனபின் அலமாரியில் நிற்கவிடாதீர்கள், ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் படுக்கவையுங்கள்.

அறுவடை ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி அக்டோபர்வரை. செப்டம்பர் நடுவில் வெள்ளை வகைகள் வெட்டி முடியும் கட்டத்தில் இருக்கும், கபர்னே சோவின்யோன் என்ற கருந்திராட்சை கொடியில் தொங்கும். பழம் சூடாகாமல் இருக்கப் பெரும்பாலும் நள்ளிரவுக்கு மேல் விளக்கு வைத்து வெட்டுவார்கள், ஆகவே பகலில் வெட்டுவதைப் பார்ப்பது அரிது. தொட்டியில் கொதிக்கும் நொதி வாசம், கொட்டிவைத்த தோல் சக்கை, அதை மொய்க்கும் குளவி, இவை நிச்சயம். குளவிக்குப் பயந்தால் மூடியுள்ள தம்ளர் கேளுங்கள். கொடியைத் தொடுமுன் அனுமதி கேட்க வேண்டும். கொடுத்தால் ஒரு பழம் வாயில் போட்டுப் பாருங்கள். கடைத் திராட்சையைவிட மிகச் சிறிது, தோல் தடித்தது, விதை உண்டு, இனிப்போ அதைவிட அதிகம். பறிக்கும் பக்குவத்தில் சாற்றில் 24 விழுக்காடு அளவுக்குச் சர்க்கரை இருக்கும். விதையைக் கடித்துப் பாருங்கள். பச்சையாக, கசப்பாக இருந்தால் இன்னும் நாள் இருக்கிறது. பழுப்பாகி வறுத்த கடலை மாதிரி நொறுங்கினால் பழம் தயார்.

வென்டே வழி ஷார்டனேக் கொடி இன்னும் வெட்டாமல் இருந்தால் கேட்டு வாங்கிக் கொத்தைப் பாருங்கள். ஒரே கொத்தில் பெரிய பழமும் பட்டாணி அளவுப் பழமும் கலந்திருக்கும், இங்கே அதைக் கோழியும் குஞ்சும் என்பார்கள். சிறு பழத்தில் சாற்றோடு ஒப்பிட்டால் தோலின் பங்கு அதிகம், சுவை செறிவதற்கு அதுதான் காரணம் என்று அந்தக் கொத்தையே தேடி நடுகிறார்கள்.

நாலுவழிச்சாலை:

ஒரு சேர்க்கை. அறுவடைக் காலச் சனிக்கிழமைகளில் பிற்பகல் இரண்டுக்கு மேல் முன்பதிவு இல்லாமல் இடம் கிடைக்காது. பன்னிரண்டரைக்கு ஒரே ஒரு தோட்டம் பதிவு செய்யுங்கள், நாலு பேருக்கு என்று சொல்லி, இருவர் குடிக்க மாட்டார்கள் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். சில இடங்களில் குடிக்காதவருக்கும் இருக்கைக் கட்டணம் உண்டு. விளக்கைப் பதினொன்றரைக்குப் பார்த்துவிடலாம்.